மெல்லிய மடிக்கணனி: பாரம் குறைந்தது சரி, வேலை எப்படி?

2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுவனம் நிறுத்திக்கொண்டது. நமது வியாபாரிகள் பலரின் கடைகளில் ஏழெட்டு வருடங்களாக உழைத்துவரும் கணனிகளில் கணிசமானவற்றை விண்டோஸ் 11 ஏற்றுக்கொள்வதில்லை. எனவே புதிதாக ஒன்று வாங்க வேண்டும் என்ற எண்ணம் பலருக்கு வந்திருக்கிறது. கடைக்குப் போனால் கண்ணாடி அலுமாரியின் முன்வரிசையில் இருப்பது ஒரு கொப்பி அளவு மெல்லிய மடிக்கணனி. ஒரு கையால் தூக்கலாம். விலையைக் கேட்டால்தான் கை கனக்கிறது.

"இவ்வளவு மெல்லியது நாள் முழுக்க வேலை செய்யுமா? இது படம் பார்க்கிற பிள்ளைகளின் சாமான்தானே?" என்று கேட்பவர்கள் உண்டு. "புதியது என்றால் எல்லாம் வேகம்தான்" என்று கண்ணை மூடிக்கொண்டு வாங்குபவர்களும் உண்டு. இரு தரப்பினரும் பொருளைப் பார்க்கிறார்களே தவிர, தமது வேலையைப் பார்க்கவில்லை என்பதே நமது கருத்து.

ஒரு நாள் வேலை எவ்வளவு?

யாழ்ப்பாணம் குருநகரை எடுத்துக்கொள்வோம். கரையூர் என்று பழைய பெயர் கொண்ட இந்தக் கடலோரத்தில் மீன், இறால், நண்டு, கடலட்டை என்று கொள்வனவு நடக்கிறது. காலையில் படகு படகாக நிறுவைக் கணக்கு எழுத வேண்டும். படகுக்காரருக்குக் கொடுத்த முற்பணத்தைக் கழிக்க வேண்டும். கொழும்புக்கு அனுப்பும் சரக்குக்குப் பட்டியல் போட வேண்டும். வங்கி இணையத்தளத்தில் பணம் வந்ததா என்று பார்க்க வேண்டும். வட்ஸ்அப்பில் விலை கேட்பவருக்குப் பதில் அனுப்ப வேண்டும். சோனகதெருவில் புடைவைக்கடையோ இரும்புக்கடையோ வைத்திருப்பவரின் வேலையும் ஏறத்தாழ இதுதான்.

இந்த வேலைகளில் எதுவும் கணனியின் மூளையைக் கசக்குவதில்லை. சில ஆயிரம் வரிகள் கொண்ட எக்செல் கணக்கு, பத்துப் பன்னிரண்டு இணையப் பக்கங்கள், ஒரு பில் மென்பொருள், இடையிடையே ஒரு வீடியோ அழைப்பு. இவ்வளவையும் இன்றைய மெல்லிய மடிக்கணனி சிரமமின்றிச் செய்யும். இதில் சந்தேகம் வேண்டியதில்லை. ஆனால் அந்தச் சந்தேகம் காரணமில்லாமல் வந்ததுமல்ல.

உறைக்குள்ளிருந்து வந்த கணனி

2008 ஜனவரி 15ஆம் திகதி சான் பிரான்சிஸ்கோவில் அப்பிள் நிறுவனத்தின் ஸ்டீவ் ஜொப்ஸ் ஒரு சாதாரண அலுவலகக் கடித உறைக்குள்ளிருந்து மெக்புக் எயாரை எடுத்துக் காட்டினார். எடை 1.36 கிலோகிராம். அமெரிக்காவில் விலை 1,799 டொலர். உலகமே வியந்தது. ஆனால் அதில் இருந்தது ஒரேயொரு யூ.எஸ்.பி. துளை. நினைவகம் பலகையோடு ஒட்டிய 2 ஜிகாபைட். சேமிப்புக்கு மெதுவாகச் சுழலும் 80 ஜிகாபைட் தட்டு. சிறிது நேரம் வீடியோ ஓடினாலே சூடேறி வேகம் விழுகிறது என்று பாவனையாளர்கள் முறையிட்டார்கள்.

2011இல் இன்டெல் நிறுவனம் 'அல்ட்ராபுக்' என்ற பெயரில் விண்டோஸ் உலகத்தையும் இதே பாதைக்கு இழுத்தது. 2015இல் அப்பிள் இன்னும் மெலிந்து 0.92 கிலோகிராம் எடையில் ஒரு மெக்புக்கைக் கொண்டுவந்தது. விசிறி இல்லை, சார்ஜருக்கும் யூ.எஸ்.பி. சாதனங்களுக்கும் சேர்த்து ஒரே துளை. உடம்பு மெலிய வேண்டும் என்பதற்காக விசைப்பலகையையும் மெலிய வைத்தார்கள். தூசு புகுந்து எழுத்துகள் சிக்கின, அல்லது இரண்டு தரம் விழுந்தன. 2018இல் இலவசத் திருத்தத் திட்டம் ஒன்றை அறிவிக்க வேண்டி வந்தது. வழக்கும் தொடரப்பட்டு 2022இல் 5 கோடி டொலர் கொடுத்துத் தீர்க்க அப்பிள் உடன்பட்டது.

நிலைமை மாறியது 2020 நவம்பரில். குறைந்த மின்சாரத்தில் அதிக வேலை செய்யும் எம்1 சில்லு வந்தபோது, விசிறியே இல்லாத மெக்புக் எயார், தன்னைவிடக் கனமான பல கணனிகளை அன்றாட வேலையில் பின்தள்ளியது. பின்னர் இன்டெல், ஏ.எம்.டி., குவால்கொம் ஆகிய நிறுவனங்களும் அந்த வழியில் முன்னேறின. ஆக, "மெல்லியது என்றால் மந்தமானது" என்ற பழைய தீர்ப்பு இன்று செல்லாது.

முதல் இரண்டு நிமிடங்களை நம்பாதீர்கள்

எனினும் கடையில் காட்டப்படும் வேகம் ஒன்று, கடையில் உழைக்கும் வேகம் இன்னொன்று. உதாரணமாக, 2022இல் வந்த இன்டெல் கோர் ஐ5-1235யூ என்ற புரொசசரை எடுங்கள். அதன் அடிப்படை மின் அளவு 15 வொற். அவசரத்துக்குச் சிறிது நேரம் 55 வொற் வரை ஏறலாம். மென்பொருளைத் திறந்தவுடன் "பட்"டென்று வருவது இந்த ஏற்றத்தினால்தான். ஆனால் 55 வொற் சூட்டை மெல்லிய உடம்பினால் நெடுநேரம் வெளியேற்ற முடியாது. சூடு எல்லையைத் தொட்டதும் கணனி தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

குருநகர்க் கடற்றொழிலாளிக்கு இதை விளக்கத் தேவையில்லை. வெளியிணைப்பு இயந்திரம் வாங்கும்போது கரையில் உறுமுகிற சத்தத்தை வைத்து அவர் விலை பேசுவதில்லை. வலையும் மீனும் ஏற்றிக்கொண்டு எதிர்க்காற்றில் திரும்பும்போது இழுக்குமா என்பதைத்தான் பார்ப்பார். மடிக்கணனியையும் அப்படித்தான் பார்க்க வேண்டும்.

பில் போடுவதும் கடிதம் எழுதுவதும் விட்டுவிட்டு நடக்கும் வேலைகள். இடையில் கணனி ஆறிவிடும். எனவே வேகக் குறைவு தெரியாது. மணிக்கணக்காக வீடியோ தொகுக்கும் கலியாண ஸ்ரூடியோக்காரருக்கும், கட்டட வரைபடம் வரைபவருக்கும் நிச்சயம் தெரியும். அவர்களுக்குத் தடித்த உடம்பும் இரட்டை விசிறியும் கொண்ட கணனியே ஏற்றது.

நமது வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். மெக்புக் எயார் இயங்க உகந்த சூழல் வெப்பநிலை 10 முதல் 35 பாகை செல்சியஸ் வரை என்று அப்பிளே குறிப்பிடுகிறது. சித்திரை, வைகாசி மாத மதியத்தில் தகரக் கூரைக்குக் கீழே இருக்கும் கடை அந்த எல்லையை எளிதில் தாண்டிவிடும். குளிரூட்டிய அறையில் எடுத்த பரீட்சைப் புள்ளிகளை யாழ்ப்பாணத்துக் கடைக்குள் எதிர்பார்க்கக் கூடாது.

உப்புக் காற்றும் மின்வெட்டும்

ஆனால் இதே கடற்கரையில் மெல்லிய கணனிக்குச் சாதகமான விடயங்கள் இரண்டு உண்டு.

முதலாவது, உப்புக் காற்று. விசிறி உள்ள கணனி வெளிக்காற்றை உள்ளே இழுத்துத்தான் தன்னைக் குளிர்விக்கிறது. களப்போரத்தில் அந்தக் காற்றோடு ஈரமும் உப்பும் தூசும் சேர்ந்தே போகின்றன. விசிறி இல்லாத கணனிக்கு இந்தத் தொல்லை குறைவு. துளைகளின் உலோக முனைகளை மட்டும் பாதுகாத்தால் போதும்.

இரண்டாவது, மின்சாரம். 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததில் முழு நாடும் இருண்டது. குறைந்த மின்சாரத்தில் ஓடும் கணனி அப்படியான நாட்களில் ஒரு சின்ன மின்பிறப்பாக்கிக்குச் சமம். மேசைக்கணனி வைத்திருந்தவர் யூ.பி.எஸ். கத்தி முடிவதற்குள் கோப்பைச் சேமிக்க ஓடினார். மடிக்கணனி வைத்திருந்தவர் பில் போட்டுக்கொண்டிருந்தார்.

இங்கும் விளம்பரத்தை அப்படியே நம்ப வேண்டாம். எம்1 மெக்புக் எயாருக்கு அப்பிள் கொடுத்த கணக்கிலேயே, படம் பார்த்தால் 18 மணித்தியாலம், இணையத்தில் உலாவினால் 15 மணித்தியாலம். வேலை மாறினால் நேரம் மாறும். திரை வெளிச்சத்தை முழுதாகக் கூட்டி, ஃபோன் இணையத்தில் வீடியோ அழைப்பு எடுத்தால் இன்னும் குறையும்.

உண்மையான விலை எங்கே இருக்கிறது?

மெல்லிய மடிக்கணனியின் குறை இன்று வேகத்தில் இல்லை. வாங்கிய பிறகு நமக்கு எதையும் மாற்ற விடாததில்தான் இருக்கிறது.

பழைய மடிக்கணனியில் ரேம் போதாவிட்டால் இன்னொரு துண்டை வாங்கிச் செருகலாம். பற்றரி போனால் கழற்றி மாற்றலாம். மெல்லியவற்றில் பெரும்பாலானவற்றில் ரேம் பலகையோடு ஒட்டப்பட்டிருக்கிறது. வாங்கும் நாளில் எவ்வளவோ, கடைசி நாளிலும் அவ்வளவுதான். பற்றரி பசை போட்டு ஒட்டப்பட்டிருந்தால் அதை எடுப்பதற்குக் கைதேர்ந்த திருத்துநர் வேண்டும். சிலவற்றில் சேமிப்புச் சில்லும் ஒட்டியே வருகிறது. அப்படியானதில் பலகை போனால் கணக்கும் சேர்ந்து போகும்.

சிங்கப்பூரில் இருப்பவர் மூன்று வருடத்தில் புதியது வாங்கிக்கொள்வார். நமக்கு அது முடியுமா? 2022 மார்ச் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்துக்குள் 360 ரூபாவைத் தாண்டியது. பழைய நிலைக்கு அது திரும்பவேயில்லை. 2024 ஜனவரியிலிருந்து பெறுமதி சேர் வரி 18 வீதம். போதாக்குறைக்கு, செயற்கை நுண்ணறிவு நிலையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டு போவதால் 2025 இறுதியிலிருந்து உலகச் சந்தையில் ரேம் விலை கடுமையாக ஏறியது. தவணைக்கு வாங்குபவர் தவணை முடியும் வரையாவது பொருள் உழைக்குமா என்று யோசிக்க வேண்டிய காலம் இது.

ஆகவே வாங்குமுன் நான்கு விடயங்களைக் கவனியுங்கள்.

ஒன்று: புரொசசரில் ஒரு படி குறைந்தாலும் பரவாயில்லை, ரேமில் குறைய வேண்டாம். ஐந்தாறு வருடம் பாவிக்க நினைப்பவருக்கு 16 ஜிகாபைட் வேண்டும். 8 ஜிகாபைட் போதும் என்று நீண்டகாலம் சொல்லிவந்த அப்பிளே 2024 ஒக்டோபரில் 16க்கு மாறிவிட்டது.

இரண்டு: ரேம், சேமிப்பு, பற்றரி ஆகிய மூன்றில் எவற்றை மாற்றலாம் என்று கேட்டு, பதிலைப் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள். உத்தரவாதக் காலத்தில் பழுதானால் யாழ்ப்பாணத்திலேயே திருத்துவார்களா, கொழும்புக்கு அனுப்பி வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டுமா என்றும் கேளுங்கள்.

மூன்று: 2024 ஜூன் மாதத்திலிருந்து வரும் குவால்கொம் ஸ்னப்டிராகன் எக்ஸ் விண்டோஸ் கணனிகள் பற்றரியில் நன்றாக நிற்கின்றன. ஆனால் அவற்றின் உள்ளமைப்பு வேறு. பழைய மென்பொருள் பல ஓடினாலும், பழைய அச்சுப்பொறிக்கும் ஸ்கேனருக்கும் அதற்கென்றே தயாரித்த டிரைவர் இல்லாவிட்டால் அவை இயங்கா. பில் அடிக்கும் டொட் மெட்ரிக்ஸ் அச்சுப்பொறி, பில் மென்பொருள், தமிழ்த் தட்டச்சு எல்லாவற்றையும் பணம் கொடுக்குமுன் பொருத்திப் பாருங்கள்.

நான்கு: துளைகளை எண்ணுங்கள். அச்சுப்பொறிக்கு ஒன்று, மவுஸுக்கு ஒன்று, பென் டிரைவுக்கு ஒன்று. போதாவிட்டால் இணைப்பான் ஒன்றின் விலையையும் கணனி விலையோடு கூட்டிப் பாருங்கள்.

யாருக்கு ஏற்றது?

1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்ட யாழ்ப்பாண முஸ்லிம்களில் பல குடும்பங்களுக்கு இன்றும் புத்தளத்தில் ஒரு கால், யாழ்ப்பாணத்தில் ஒரு கால். பிள்ளைகளின் படிப்பு அங்கே, கடை இங்கே. பஸ்ஸில் பல மணித்தியாலம் போய்வருபவரின் தோளில் ஒரு கிலோ குறைவது சொகுசல்ல, உடம்புக்குச் செய்யும் உபகாரம். இரண்டு ஊரிலும் கணக்கு கையோடு இருக்கிறது. கொழும்புக்கும் மன்னாருக்கும் ஓடும் மீன் வியாபாரிக்கும், வீடு வீடாகப் போய் பாடம் சொல்லும் ஆசிரியருக்கும் இதே கணக்குத்தான். இவர்கள் தாராளமாக மெல்லியதை வாங்கலாம்.

காசுப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வருடக்கணக்கில் அசைக்காதவருக்கு அந்த மெல்லிய உடம்பு வீண் செலவு. அதே பணத்தில் கூடுதல் ரேமும், கழற்றி மாற்றக்கூடிய பாகங்களும் கொண்ட தடித்த மடிக்கணனியோ மேசைக்கணனியோ கிடைக்கும். மிச்சத்தில் ஒரு யூ.பி.எஸ்., கணக்கைப் பிரதி எடுத்து வைக்க ஒரு வெளித் தட்டு வாங்கலாம்.

விற்கும் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. ஃபோன், கணனி வியாபாரத்தில் நம்மவர்கள் பலர் இருக்கிறார்கள். ரேம் ஒட்டியிருக்கிறது, பிறகு கூட்ட முடியாது என்பதைக் கேட்காமலே வாடிக்கையாளரிடம் சொல்லுங்கள். அன்று ஒரு விற்பனை தவறலாம். ஆறு மாதம் கழித்து "இதை முதலே சொல்லியிருக்கலாமே" என்று ஒருவர் கடைவாசலில் வந்து நிற்பதைவிட அது இலாபம்.

நகையைப் பார்ப்பதுபோல் கணனியைப் பார்க்கும் பழக்கத்தை விடுவோம். அது தொழிலுக்குப் போடும் முதல். நாளின் கடைசி பில் வரை களைக்காமல் நிற்குமா, பழுதானால் நம்மூரில் எழுந்திருக்குமா என்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் கிடைத்த பிறகு எவ்வளவு மெல்லியது என்று பார்த்துக்கொள்ளலாம்.