மீன்தொட்டியும் கைத்தூய்மையும்

கடலில்லாத நம் கும்பகோணத்திலும் சில இல்லங்களைக் கடல்நீர் மீன்தொட்டி அழகு செய்கிறது. மீன் வளர்ப்பது ஆகுமானதே. ஆயினும் அந்நீரில் 'மைக்கோபாக்டீரியம் மரைனம்' என்னும் கிருமி இருக்கக்கூடும். 1926இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில், காட்சியகக் கடல்மீன்களிடம் கண்டறியப்பட்ட இக்கிருமி, கையிலுள்ள கீறல் வழியே நுழையும். சில வாரங்கள் கழித்தே கட்டியாகத் தோன்றும். குணமாகப் பல மாதங்கள் மருந்துண்ண நேரிடும்.

உறங்கி எழுந்தவர் கழுவாத கையைப் பாத்திரத்தில் இடுவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அந்தப் பேணுதல் இங்கும் வேண்டும். 'உளூவில் கை கழுவுகிறோமே' என்று இருந்துவிடலாகாது. உளூ தொழுகைக்கான தூய்மை. கிருமியை அகற்றச் சோப்பும் தேவை. காயமுள்ள கையைத் தொட்டியில் விடாதீர்கள். நீண்ட கையுறை அணியுங்கள். வேலை முடிந்ததும் சோப்பிட்டுக் கழுவுங்கள். கட்டி ஆறாவிட்டால், மருத்துவரிடம் மீன்தொட்டி வைத்திருப்பதையும் சொல்லுங்கள். உடலும் அல்லாஹ் தந்த அமானிதமே.