பதிவில் மிச்சமாகும் நேரம், ஆய்வில் இழக்கப்படும் சான்று

பழைய ஜப்பானிய ரோல் பிளேயிங் கேம்களை எமுலேட்டரில் ஓட்டிக் காணொளியாகப் பதிவுசெய்வோருக்கு முதல் தடை நேரமே. ஸ்கொயர் நிறுவனம் 1994-இல் சூப்பர் ஃபாமிகாமுக்கு வெளியிட்ட ‘ஃபைனல் ஃபேண்டசி 6’ போன்றதொரு விளையாட்டை முடிக்க ஏறத்தாழ 40 மணிநேரம் ஆகலாம். எனவே ஃபாஸ்ட் ஃபார்வர்டும் பிரேம் ஸ்கிப்பும் துணைக்கு அழைக்கப்படுகின்றன. பொழுதுபோக்காக ஆடுபவருக்கு இவற்றால் தீங்கில்லை. ஆனால், ஆய்வுச் சான்றாகப் பயன்படவிருக்கும் பதிவில் இவற்றுக்கு இடமளிப்பது பிழை.

சூப்பர் ஃபாமிகாம் நொடிக்குச் சுமார் 60 சட்டகங்களைத் திரைக்கு அனுப்புகிறது. பிரேம் ஸ்கிப்பின்போது விளையாட்டின் கணக்கீடு ஒவ்வொரு சட்டகத்துக்கும் நடந்துகொண்டே இருக்கும். படம் வரைவது மட்டும் இடையிடையே கைவிடப்படும். மூன்றில் இரண்டைக் கைவிட்டால் எஞ்சுவது நொடிக்கு 20. ஒரு சட்டகத்தில் தோன்றி அடுத்ததில் மறையும் உருவம், முழு வேகத்தில் ஒளி ஊடுருவும் நிழலாகத் தெரியும். ஒன்றுவிட்டு ஒன்றாகத் தாவினால் அது திடப்பொருளாக நிற்கும். அல்லது அறவே தோன்றாது. பதிவை மட்டுமே காணும் ஆய்வாளர் அதை வடிவமைத்தவரின் தேர்வு என்று எழுதிவிடக்கூடும்.

உரையாடலில் இழப்பு இன்னும் பெரிது. 1986-இல் வெளிவந்த ‘டிராகன் குவெஸ்ட்’ தொடங்கி, இவ்வகை விளையாட்டுகளில் எழுத்துகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒலியோடு தோன்றுகின்றன. குரல் நடிப்பு இல்லாத அக்காலத்தில் பேச்சின் நடையையும் தயக்கத்தையும் உணர்த்தியது அந்த வேகமே. பேச்சுமொழியை ஆராய்பவர், தகவலாளியை இருமடங்கு வேகத்தில் பேசுமாறு கேட்பதில்லை. இடைநிறுத்தத்தையும் தரவாகவே குறித்துக்கொள்கிறார். ‘ஃபைனல் ஃபேண்டசி 6’-இன் புகழ்பெற்ற ஓபரா காட்சியில் பாடல் வரிகள் இசையோடு இணைந்து திரையில் வருகின்றன. அடுத்த வரியை ஆடுபவர் நினைவிலிருந்து தேர்ந்தெடுக்க வேண்டும். அக்காட்சியை விரைவுபடுத்திய பதிவில் சொற்கள் எஞ்சும், நிகழ்வு எஞ்சாது.

எளிய மடிக்கணினியும் குறைந்த சேமிப்பிடமும் கொண்ட மாணவர் இதை எவ்வாறு செய்வார் என்னும் எதிர்வாதம் நியாயமானது. அதற்கு விடை எமுலேட்டரிலேயே உண்டு. பல எமுலேட்டர்கள் காணொளிக்கு மாறாக, எந்தச் சட்டகத்தில் எந்தப் பொத்தான் அழுத்தப்பட்டது என்பதை மட்டும் பதிவுசெய்ய வல்லவை. 40 மணிநேரம் என்பது 86,40,000 சட்டகங்கள். ஒவ்வொன்றுக்கும் 2 பைட் என்றாலும் மொத்தம் சுமார் 17 மெகாபைட்தான். பின்னர் அக்கோப்பை மீள ஓட்டி, எந்தச் சட்டகமும் விடுபடாத காணொளியை உருவாக்கலாம். கணினி மெதுவானதாயின் உருவாக்கம் நீளும். பதிவின் தரம் குறையாது. அருகில் மனிதர் காத்திருக்கவும் தேவையில்லை. ஆனால், அதே எமுலேட்டர் பதிப்பும் அதே விளையாட்டுப் பதிப்பும் அதே அமைப்புகளும் இல்லையெனில் மீளோட்டம் தடம்புரளும். ஆகவே அவ்விவரங்களைக் கோப்புடன் குறித்துவைப்பது கட்டாயம்.

ஒரே வகைப் போர்கள் நூறு முறை வருவதை முழுமையாகக் காட்ட வேண்டியதில்லை என்போரும் உளர். காட்ட வேண்டியதில்லைதான், வெட்டிய இடத்தைக் குறிப்பிட்டு வெட்டலாம். செய்தி வேகத்தைக் கூட்டும் வசதி ‘ஃபைனல் ஃபேண்டசி 6’-இன் அமைப்புப் பட்டியலிலேயே இருக்கிறது. அதைப் பயன்படுத்தினால், தேர்ந்த வேகத்தைப் பதிவிட்டால் போதும். அறிவிக்கப்பட்ட சுருக்கம் நேர்மையானது. அறிவிக்கப்படாத தாவலோ சான்றைத் திரிப்பது.

முழுமையான பதிவைப் பார்ப்பவர் தம் விருப்பப்படி இருமடங்கு வேகத்தில் ஓட்டிக்கொள்ளலாம். பதிவிலேயே விடுபட்ட சட்டகத்தை அவரால் எந்த வேகத்திலும் மீட்க இயலாது. விரைவு பார்ப்பவரின் உரிமையாக இருக்கட்டும். பதிவுசெய்பவரின் கடமை முழுமை.