இலட்சம் கிலோமீற்றரில் தீவகத்துக்கு எத்தனை முழம்?

கொள்ளைநோயினால் வீழ்ந்த பொருளாதாரத்தைத் தூக்கி நிறுத்தப்போகிறோம் என்று கூறி, 2020 ஏப்ரல் மாதத்தில் கொழும்பிலே ஜனாதிபதி செயலணி ஒன்று நியமிக்கப்பட்டது. பொருளாதார மறுமலர்ச்சியும் வறுமை ஒழிப்பும் அதன் பெயரிலேயே இடம்பெற்றிருந்தன. பெயரில் ஒரு குறையும் இல்லை. தலைவராக வந்தவர் திரு. பசில் ராஜபக்ஷ. அப்பெயரைக் கேட்டதும் வடபகுதி மக்களுக்குப் பழைய நினைவு ஒன்று எழுந்திருக்கும். 2009 மே மாதத்தில், போர் முடியுந் தறுவாயில், வடமாகாணத்தின் மீள்குடியேற்றம், அபிவிருத்தி, பாதுகாப்பு ஆகியவற்றுக்கென ஒரு செயலணி அமைந்ததல்லவா? அதற்கும் தலைவர் அவரே! அன்று 'வடக்கின் வசந்தம்' என்றார்கள். பதினொரு ஆண்டுகள் கழிந்து, வசந்தம் காணாத மக்களுக்கு மறுமலர்ச்சி தருவதாகச் சொன்னார்கள்.

மறுமலர்ச்சியின் முடிவை நாடறியும். 2022 ஏப்ரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாது என அரசாங்கம் கைவிரித்தது. 2023 நவம்பரில், இந்தப் பொருளாதார அழிவுக்குப் பொறுப்பானவர்களுள் ராஜபக்ஷ சகோதரர்களும் உளர் என உயர் நீதிமன்றமே தீர்ப்பளித்தது. அவற்றை விரித்துரைப்பது எமது நோக்கமன்று. கஜானா நிறைந்திருந்தாலுங்கூட அந்தத் திட்டங்கள் ஊர்காவற்றுறைக்கோ, நெடுந்தீவுக்கோ, நயினாதீவுக்கோ வந்து சேர்ந்திரா என்பதே நாம் கூற விரும்புவது. தீவகத்தின் வாழ்வு எதிலே தங்கியிருக்கிறது என்பதை அறியாதவர்கள், அறிந்தவர்களைக் கேளாமலே தீட்டிய திட்டங்கள் அவை.

நோய்க்காலத்தை நினைத்துப் பார்ப்போம். 2020 மார்ச் 20ஆம் திகதி ஊரடங்குச் சட்டம் வந்தது. நண்டும் சிங்கி இறாலும் கடலட்டையும் கடல் கடந்து விலைபோகும் பண்டங்கள். வாங்கும் நாடுகள் கதவடைத்தவுடன் கரையில் விலை சரிந்தது. மற்றைய மீனாவது கொழும்புக்குப் போகுமென்றால், லொறி வரவேண்டும். நெடுந்தீவு மீனுக்கோ லொறிக்கு முன்னர் படகு வரவேண்டும். படகுக்கு முன்னர் ஐஸ் வரவேண்டும். இச்சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் பிடித்த மீன் கருவாடாகும், கருவாட்டுக்கும் ஆள் இல்லையென்றால் மீண்டுங் கடலுக்கே போகும். நயினாதீவின் நிலைமை வேறு. நாகபூஷணி அம்மன் அடியார்களும் நாகவிகாரை யாத்திரிகர்களும் வந்தால்தான் அங்கே படகோட்டிக்குக் கூலி, தேநீர்க் கடைக்கு அடுப்பு, பூக்காரிக்குப் பூ. திருவிழாக் காலத்து வருவாயை வைத்து ஆண்டு முழுவதையுந் தள்ளும் குடும்பங்கள் அங்குண்டு. அவர்கள் வெறிச்சோடிய இறங்குதுறையைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள்.

2020 ஒக்டோபரில் மினுவாங்கொடை ஆடைத் தொழிற்சாலையில் பரவிய தொற்று புங்குடுதீவு வரையில் வந்து சேர்ந்தது. தீவைப் பூட்டினார்கள். நோயைத் தடுக்க அது தேவையாகவே இருந்திருக்கலாம். ஆனால், புங்குடுதீவுப் பெண் ஏன் மினுவாங்கொடைக்குத் தைக்கப் போகிறாள் என்று எவரும் கேட்கவில்லை. ஒரு காலத்தில் தீவக ஆண்கள் தென்னிலங்கைப் பட்டினங்கள் தோறும் கடை வைத்தார்கள். 1958இலும் 1977இலும் 1983இலும் அவை எரிந்தன. 1990 ஆகஸ்டில் படையினர் தீவகத்தில் இறங்கியபோது ஊர்களே காலியாயின. எஞ்சியோர், மீண்டோர் ஆகியோரின் புதல்வியர்க்கு ஊரில் தொழில் இல்லை. ஆகவே நூற்றுக்கணக்கான மைல் கடந்து, பிறருடைய ஏற்றுமதிக்காக இயந்திரத்தின் முன் உட்காருகிறார்கள். ஆடைத் தொழிற்சாலை மீண்டும் ஓடத் தொடங்கியதைத்தான் கொழும்பு 'மீட்சி' என்று கணக்கெழுதிக்கொண்டது.

மீட்சிக்கென அரசாங்கம் செய்தவை எவை? மத்திய வங்கி 4 வீத வட்டியில் தொழில் முதலுக்குக் கடன் கொடுக்க வழி செய்தது. நல்லதே. ஆனால் வங்கிக் கடனுக்குப் பதிவு செய்த தொழில் வேண்டும், கணக்குப் புத்தகம் வேண்டும், பிணை வேண்டும். எமது கடற்றொழிலாளியின் கணக்கு வங்கியில் இல்லை. மீன் வாங்கும் முதலாளியிடம் இருக்கிறது. எஞ்சினுக்கும் வலைக்கும் முற்பணம் கொடுப்பவர் அவர். அதனால் பிடித்த மீனை அவரிடமே, அவர் சொன்ன விலைக்கே கொடுக்க வேண்டும். கடன் தீராது, தீருமுன் வலை கிழிந்துவிடும், மறுபடியும் முற்பணம். இந்தக் கட்டை அறுக்காமல் எந்த மீட்சியும் கரையிலுள்ள குடிசைக்குள் நுழையமுடியாது. அதை அறுக்கக்கூடிய கருவி கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள். அவற்றின் கையில் முதல் கொடுத்திருந்தால், வட்டி 4 வீதமென்ன, 6 வீதமென்றாலும் எம்மவர் மகிழ்ந்து வாங்கியிருப்பர். வங்கிகளின் வாயிலில் கடனை வைத்துவிட்டு, 'வந்து எடுத்துக்கொள்ளுங்கள்' என்றார்கள்.

வறியோருக்கு 2020 ஏப்ரலிலும் மேயிலும் 5,000 ரூபா வீதம் கொடுத்தார்கள். கொடுத்ததை மறைப்பது நேர்மையன்று. ஆனால் கொடுத்த கை பின்னர் எடுத்த கணக்கையும் பார்க்கவேண்டும். 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் விலை லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே இரவில் ஏற்றப்பட்டது. தீவகத்துச் சிறு படகுகளின் எஞ்சின் ஓடுவது மண்ணெண்ணெயில். ஒருமுறை கடலுக்குப் போய்வர 40 லீற்றர் எரிக்கும் படகை எடுத்துக்கொள்வோம். முன்னர் 3,480 ரூபா. பின்னர் 13,600 ரூபா. வேற்றுமை 10,120 ரூபா. இரண்டு மாதமும் கொடுத்த உதவி 10,000 ரூபாவை, ஒரேயொரு நாட் கடற்பயணம் விழுங்கிவிட்டு, மேலும் 120 ரூபா கேட்கிறது!

மலிவு விலையைத் திறைசேரி தாங்காது என்றார்கள். தாங்காதுதான், வரிகளைக் குறைத்துத் திறைசேரியை வெறுமையாக்கியவர்கள் அதற்கு வேறென்ன கூறமுடியும்? மானியத்தைத் தொழிலாளிக்கு மட்டும் சேரும்படி சங்கங்கள் மூலம் பங்கிட்டுக் கொடுக்க எவர் தடுத்தார்? ஊருக்கு எத்தனை படகு, எத்தனை எஞ்சின் என்பது சங்கங்களுக்குத் தெரியும். தெரிந்தவர்களைக் கேட்பதில்லை என்று விரதம் பூண்டவர்களுக்கு இது தோன்றவில்லை.

கிராமங்களில் ஓர் இலட்சம் கிலோமீற்றர் வீதி அமைப்போம் என்பது அந்த அரசாங்கத்தின் பெருந் திட்டங்களில் ஒன்று. நாம் கேட்கிறோம்: குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவு வரையுள்ள கடலை அந்த இலட்சத்தில் எந்தக் கணக்கில் சேர்த்தார்கள்? தெற்கில் ஓர் ஊருக்கு வீதி எதுவோ, நெடுந்தீவுக்கும் நயினாதீவுக்கும் எழுவைதீவுக்கும் அனலைதீவுக்கும் படகு அது. குமுதினி, வடதாரகை, நெடுந்தாரகை எனப் படகின் பெயர்கள் பெருகின. படகு பழுதாகுமோ, காற்றுக் கிளம்புமோ என்ற அச்சம் குறையவில்லை. பிரசவ வலியெடுத்த பெண்ணும், பரீட்சை எழுதச் செல்லும் மாணவனும், முத்திரை வாங்கக் கச்சேரிக்குப் போகும் முதியவரும் ஏறுவது அதே படகில்தான். வீதியில் ஒரு குழி விழுந்தால் வீதி அதிகார சபை வருகிறது. எமது வீதி முழுவதுமே நின்றுபோனால், அதைச் செய்தியென்று எழுதவும் கொழும்புப் பத்திரிகைகளுக்கு இடமில்லை.

மின்சாரத்தின் கதை இதனினும் விசித்திரமானது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றும் டீசல் மின்பிறப்பாக்கியை நம்பி இருந்த தீவுகள். காற்றையும் வெயிலையும் கொண்டு மின்சாரம் எடுக்கும் திட்டம் ஆசிய அபிவிருத்தி வங்கியின் நிதியுதவியோடு கேள்விப்பத்திரத்துக்கு விடப்பட்டு, 2021 ஜனவரியில் ஒரு சீனக் கூட்டுக் கம்பனிக்கு அளிக்க அமைச்சரவை இசைந்தது. தமிழகக் கரைக்கு அருகில் சீனரா என்று இந்தியா மறுப்புத் தெரிவித்தது. அவ்வாண்டு டிசெம்பரில், மூன்றாந் தரப்பின் பாதுகாப்புக் கவலையால் திட்டம் நிறுத்தப்பட்டதாகச் சீனத் தூதரகம் அறிவித்தது. 2022 மார்ச்சில் இந்தியா நன்கொடையாகச் செய்து தருவதாக உடன்படிக்கையாயிற்று. 2024 மார்ச்சில் பெங்களூர்க் கம்பனியொன்றுடன் ஒப்பந்தம் எழுதப்பட்டது. கடனிலும் நன்கொடை மேல். இதில் எமக்கு வழக்கில்லை. பீஜிங் வேண்டுமா புதுடில்லி வேண்டுமா என்ற வாதத்திலும் நாம் இறங்கவில்லை. ஆனால் அமைச்சரவை இசைந்த நாளுக்கும் ஒப்பந்தம் எழுதிய நாளுக்கும் இடையில் மூன்று ஆண்டுகள் கழிந்தன. அம்மூன்று ஆண்டுகளில்தான் நாட்டில் டீசலே இல்லாமற் போனது. விளக்கெரிய டீசல், படகோட டீசல், இரண்டும் ஒரே பீப்பாயில் தங்கியிருந்த மக்களிடம், உங்கள் தேவை என்ன, எவ்வளவு அவசரம் என்று மூன்று தலைநகரங்களில் ஒன்றாவது கேட்டதுண்டா?

கேளாமலே வந்தவை வேறுமுண்டு. 2021 ஜூனில், ஓடாத பழைய பேருந்துகளை நெடுந்தீவை அண்டிய கடலில் இறக்கினார்கள், மீன் பெருகுமாம். மீன் பெருகினால் நாம் வேண்டாமென்று சொல்லோம். ஆயினும், ஓடும் பேருந்துக்கு ஏங்கும் தீவகத்துக்கு ஓடாத பேருந்து வந்து சேர்ந்ததை எண்ணிச் சிரிக்காதிருக்க முடியவில்லை. 2022 ஜூனில் யாழ்ப்பாணம், கிளிநொச்சி, மன்னார், மட்டக்களப்பு மாவட்டங்களில் 5,000 ஏக்கரில் கடலட்டை வளர்க்க அமைச்சரவை அனுமதி கொடுத்தது. டொலர் வரும் என்றார்கள். ஆழமற்ற களப்புக்கடலே வலை வீச வள்ளமில்லாத ஏழையின் வயல். அதில் வேலி போட்டுப் பங்கிடும்போது, பங்கு பெறுபவர் யார், ஒதுக்கப்படுபவர் யார் என்பதை ஊர் அறியத் தீர்மானிக்க வேண்டும்; அதிகாரியின் மேசையில் அன்று.

அந்நாட்களில் கொழும்பு தானாகவே ஒரு தீவை நினைத்ததும் உண்டு. தீவகத்துக்கு அப்பால், பூநகரிக் கடலிலுள்ள இரணைதீவு அது. முஸ்லிம் மக்களின் உடல்களை அவர்கள் மார்க்கத்துக்கு மாறாக எரித்துவந்த அரசாங்கம், உலகத்தின் கண்டனத்தின்பின் அடக்கஞ் செய்ய இணங்கி, 2021 மார்ச் தொடக்கத்தில் அதற்கு இரணைதீவைக் காட்டியது. 1992இல் விரட்டப்பட்டு, 2018இல்தான் தம் தீவுக்குத் திரும்பிய மக்கள் அங்கே இருந்தார்கள். தமிழ் பேசும் இரு மக்களை ஒருவரோடொருவர் மோதவிட இதனினும் எளிய உபாயம் உண்டா? பின்னர் ஓட்டமாவடியில் இடம் கண்டார்கள். தீவென்றால் வேண்டாதவற்றைக் கொண்டுபோய் வைக்கும் இடம் என்னும் எண்ணம் மட்டும் வெளிப்பட்டுவிட்டது.

திட்டம் வேறுவிதமாகவும் தீட்டலாம் என்பதற்கு வெகுதூரம் போகவேண்டியதில்லை. கேரள அரசு 2020 மார்ச் 19ஆம் திகதியே 20,000 கோடி ரூபாத் திட்டத்தை அறிவித்தது. ஊரடங்கில் சமூக அடுப்புகளைப் பஞ்சாயத்துகளும் குடும்பஸ்ரீ மகளிர் குழுக்களுமே நடத்தின. எந்த வீட்டில் அடுப்பெரியவில்லை என்பதைப் பஞ்சாயத்து அறியும். இங்கோ, வடமாகாண சபை 2018 ஒக்டோபரில் காலாவதியானபின் தேர்தலே இல்லை. 2018இல் தெரிவான பிரதேச சபைகளும் 2023 மார்ச்சில் கலைந்தன. அம்மாதம் நடக்கவேண்டிய தேர்தலைப் பணமில்லையென்று ஒத்திவைத்து, 2025 மே 6ஆம் திகதிதான் நடத்தினார்கள். மீட்சி, மீட்சி என்று முழங்கிய காலத்தில் நெடுந்தீவிலும் வேலணையிலும் ஊர்காவற்றுறையிலும் மக்கள் தெரிந்தெடுத்த சபை ஒன்றேனும் இரண்டாண்டுகளாக இல்லை. ஆளுநரும் செயலாளரும் படையினரும் இருந்தார்கள்.

எம்மவரையும் நாம் விட்டுவிடுவதற்கில்லை. தமிழ்க் கட்சிகளின் தலைவர்கள் அக்காலத்தில் அறிக்கைகள் விட்டார்கள்; உலர் உணவுப் பொதி கொடுத்துப் படம் பிடித்தார்கள். புலம்பெயர்ந்த ஊர்ச் சங்கங்கள் அனுப்பிய பணம் பல அடுப்புகளை எரியவைத்தது. ஆனால் தீவகத்துக்கு இன்ன தேவை, இத்தனை ரூபா, இத்தனை ஆண்டு என்று ஒரு திட்டத்தை எழுதி மேசையில் வைத்த கட்சி எது? கொழும்பிடம் கேட்கத் தெரியாதவர்கள் என்ற பழியை நாம் சுமக்கலாகாது.

ஆகவே எழுதி வைக்கிறோம். தீவுப் படகுச் சேவையை வீதியென ஏற்று, அதற்கென நிரந்தர நிதி ஒதுக்கப்படல் வேண்டும். கடற்படையின் தயவிலோ, கொடையாளியின் மனத்திலோ அது தங்கியிருத்தல் ஆகாது. மண்ணெண்ணெய் மானியமும் தொழில்முதற் கடனும் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களின் மூலமே செல்லவேண்டும். ஐஸ் ஆலையும் குளிரறையும் இறங்குதுறையின் அருகே வேண்டும். மின்சாரமாயினும் கடலட்டையாயினும், உரிய பிரதேச சபையில் வைத்து வாதிட்டு ஏற்ற பின்னரே எந்தத் திட்டமும் கரையிறங்க வேண்டும்.

இவற்றை நிறைவேற்ற அதிகாரம் கொண்ட சபை மாகாண சபை. 2024 நவம்பரில் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் ஆறு ஆசனங்களுள் மூன்றைத் தேசிய மக்கள் சக்திக்குக் கொடுத்த வாக்காளருள் தீவக மக்களும் உளர். மாகாண சபைத் தேர்தலை நடத்துவோம் என்று அவர்களிடம் கூறியவர்கள் எந்த மாதத்தில், எந்தத் திகதியில் நடத்தப்போகிறார்கள்?