இரும்பு இதயம் வேண்டாம்!



போன இதழில் குழந்தைகளின் ரத்த சோகை பற்றி எழுதியபோது, "தலசீமியா உள்ள குழந்தைக்கு டாக்டர் சொல்லாமல் இரும்பு டானிக் கொடுக்காதீர்கள்" என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். அதைப் படித்துவிட்டு ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். "என் மகனுக்குப் பதினோரு வயது. தலசீமியாவுக்காக மூன்று வாரத்துக்கு ஒரு தடவை ரத்தம் ஏற்றுகிறோம். இப்போது டாக்டர் இதயத்துக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்கிறார். பையனுக்கு நெஞ்சு வலி, மூச்சிரைப்பு ஒன்றும் கிடையாது. எக்கோவும் நன்றாக இருக்கிறது. பிறகு எதற்கு இந்தச் செலவு?" என்று கேட்கிறார்.

நியாயமான கேள்விதான். இந்த இதழில் இடம் முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

வரவு அதிகம், செலவு குறைவு

தலசீமியா பரம்பரையாக வரும் ரத்த சோகை. சாப்பாட்டில் குறை இருப்பதால் வருவதில்லை. அதனால் முருங்கைக்கீரையும் பேரீச்சம்பழமும் கொடுத்து இதைச் சரிசெய்ய முடியாது. கடுமையான வகையாக இருந்தால் மாதாமாதம் ரத்தம் ஏற்றித்தான் ஆகவேண்டும்.

ஏற்றுகிற ஒவ்வொரு யூனிட் ரத்தத்திலும் 200 முதல் 250 மில்லிகிராம் வரை இரும்புச்சத்து இருக்கிறது. நம் உடம்பிலிருந்து இயற்கையாக வெளியேறுவதோ நாளுக்குச் சுமார் 1 மில்லிகிராம்தான். மூன்று வாரத்தில் உள்ளே வருவது 200, வெளியே போவது 21! நம் வீட்டு பட்ஜெட்டுக்கு நேர் எதிரான கணக்கு, இல்லையா? மிச்சமெல்லாம் உடம்பிலேயே தங்கிவிடுகிறது. கல்லீரலில், கணையத்தில், தைராய்டில்... கடைசியில் இதயத்தின் தசையிலும் போய்ச் சேருகிறது. தலசீமியா உள்ளவர்களின் உயிருக்கு வெகுகாலமாகப் பெரிய எமனாக இருந்தது ரத்தக் குறைவல்ல, இதயத்தில் சேர்ந்த இந்த இரும்புதான்.

எக்கோ மட்டும் போதாதா?

இரும்பு எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று பார்க்க ஃபெரிட்டின் என்ற ரத்தப் பரிசோதனை இருக்கிறது. வேண்டியதுதான். ஆனால் அது உடம்பு முழுவதுக்கும் தோராயமாகச் சொல்லும் கணக்கு. ஒரு ஜுரம் வந்தாலும் ஏறிவிடும். ஃபெரிட்டின் சுமாராக இருக்கும்போதே இதயத்தில் இரும்பு நிறைந்திருக்கலாம்.

எக்கோ, இதயம் எப்படிச் சுருங்கி விரிகிறது என்று காட்டும். ஆனால் இரும்பு சேர்ந்த பிறகும் இதயம் ரொம்ப நாள் ஒன்றும் நடக்காததுபோல வேலை செய்துகொண்டிருக்கும். எக்கோவில் கோளாறு தெரியும்போது காரியம் முற்றியிருக்கும். அதோடு, ரத்த சோகை உள்ள இதயம் கொஞ்சம் கூடுதல் வேகமாகவே இயங்கும். மற்றவர்களுக்கு 'நார்மல்' என்கிற அளவு இவர்களுக்கு இறக்கமாகவும் இருக்கலாம். அதற்காக எக்கோவை விட்டுவிடாதீர்கள். அதுவும் வேண்டும், இதுவும் வேண்டும்.

மூன்றாவதுதான் அந்த எம்.ஆர்.ஐ. 'டி-2 ஸ்டார்' என்று பெயர். 2001-ல் லண்டன் ராயல் பிராம்ப்டன் ஆஸ்பத்திரி டாக்டர்கள் இந்த முறையைப் பற்றி எழுதினார்கள். வெண்கலப் பாத்திரத்தைத் தட்டினால் 'கணீர்' என்று நீண்ட நேரம் ஒலிக்கும். அதன்மேல் கையை வைத்துவிட்டால் ஒலி சட்டென்று அடங்கிவிடும். அதுபோல, இந்தக் காந்த மெஷினுக்கு உடம்பிலிருந்து வரும் சமிக்ஞை, இரும்பு அதிகமுள்ள இடத்தில் சீக்கிரம் அடங்கிவிடுகிறது. எத்தனை மில்லிசெகண்டில் அடங்குகிறது என்பதுதான் ரிப்போர்ட்டில் வரும் எண்.

இந்த எண்ணைப் படிக்கும்போது கவனம்! ஃபெரிட்டின் ஏறினால் கவலை. இதிலோ எண் இறங்கினால்தான் கவலை.

20-க்கு மேல்: இதயத்தில் கவலைப்படும்படி இரும்பு இல்லை.

10 முதல் 20 வரை: சேர ஆரம்பித்துவிட்டது. மருந்தைக் கூட்டவோ மாற்றவோ வேண்டும்.

10-க்குக் கீழே: ஆபத்து. டாக்டரை உடனே பார்க்கவேண்டும்.

இந்த 10 சும்மா வைத்த கோடல்ல. 2009-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில் 652 தலசீமியா நோயாளிகளைக் கவனித்தார்கள். ஸ்கேன் எடுத்து ஒரு வருஷத்துக்குள் இதயம் பலவீனப்பட்டவர்களில் 98 சதவிகிதம் ஸ்கேன்களில் எண் 10-க்குக் கீழே இருந்ததாம்.

வீட்டில் பார்த்தது

என் நாத்தனார் மகளுக்குத் தலசீமியா. பதினேழு வயதில் டி-2 ஸ்டார் எடுத்தபோது 9 என்று வந்தது. எக்கோ நார்மல். "எனக்கு ஒண்ணுமே இல்லையே அத்தை, மாடிப்படி எல்லாம் ஓடித்தானே ஏறறேன்" என்றாள். நாத்தனாரோ, "அண்ணி, ரிப்போர்ட் மாறிப்போயிருக்குமோ?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். மாறவில்லை. பரீட்சை, கல்யாணம், விசேஷம் என்று ராத்திரி பம்ப் போடுவது பல நாள் விட்டுப்போயிருந்தது. வயிற்றுத் தோலில் ஊசி குத்திக்கொண்டு எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம், வாரத்தில் ஐந்தாறு ராத்திரி என்றால் எந்தப் பெண்ணுக்குத்தான் அலுக்காது?

பம்ப்போடு இரும்பை இறக்கும் மாத்திரையும் சேர்த்துக் கொடுத்தார்கள். ஆறு மாதத்துக்கொரு ஸ்கேன். 9 என்பது 11 ஆயிற்று, 14 ஆயிற்று. நாலு வருஷம் கழித்து 21! கல்லீரலில் உள்ள இரும்பு மாதக்கணக்கில் இறங்கிவிடும், இதயத்தில் உள்ளது இறங்க வருஷங்கள் ஆகும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். பொறுமைதான் வேண்டும். ஆனால் இறங்குகிறது, அதுதான் நல்ல சேதி.

ஸ்கேனுக்குப் போகும் முன்

பொதுவாகப் பத்து வயதை ஒட்டி ஆரம்பிக்கிறார்கள். மருந்து சரியாகப் போகாத குழந்தைக்கு முன்கூட்டியே எடுப்பார்கள். பிறகு எண்ணைப் பொறுத்து, இரண்டு வருஷத்துக்கோ ஒரு வருஷத்துக்கோ ஆறு மாதத்துக்கோ ஒரு தடவை.

1. எல்லா ஸ்கேன் சென்டரிலும் இது இல்லை. "இதயத்துக்கு டி-2 ஸ்டார் பார்ப்பீர்களா?" என்று கேட்டுவிட்டுப் போங்கள். கல்லீரலையும் அதே நேரத்தில் பார்த்துவிடலாம்.

2. எக்ஸ்ரே கதிர் கிடையாது. இந்த அளவைப் பார்க்கச் சாயமருந்து ஊசியும் தேவையில்லை.

3. நடுநடுவே சில விநாடி மூச்சை அடக்கச் சொல்வார்கள். ஒரு வாரம் முன்பே வீட்டில் 'யார் மூச்சுப் பிடிக்கிறார்கள்' என்று விளையாட்டாகப் பழக்கிவிடுங்கள்.

4. மெஷின் 'டமடம'வென்று சத்தம் போடும். காதுக்கு அடைப்பான் தருவார்கள். முன்னாலேயே சொல்லிவைத்தால் பிள்ளை மிரளாது.

5. தோடு, கொலுசு, வெள்ளி அரைஞாண், ஹேர்பின், ஊக்கு எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றிவிடுங்கள். மருந்து பம்ப்பையும் கழற்றவேண்டும். உடம்புக்குள் ஏதாவது கருவி வைத்திருந்தால் முதலிலேயே சொல்லவேண்டும். கூடப் போகிறவருக்கும் இதே விதிதான். தாலியைக் கழற்ற மனசில்லை என்றால் அப்பாவை அனுப்புங்கள்!

மருந்து விஷயத்தில் இரண்டு எச்சரிக்கை. டெஃபெரிப்ரோன் மாத்திரை சாப்பிடும் குழந்தைக்கு ஜுரமோ தொண்டை வலியோ வந்தால் மாத்திரையை நிறுத்தி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் வெள்ளணு எண்ணிக்கை பார்க்கவேண்டும். சத்துக்கு நல்லது என்று வைட்டமின் சி மாத்திரையை நாமாகக் கொடுக்கக்கூடாது. இரும்பு நிறைந்த இதயத்துக்கு அது கெடுதல் செய்யலாம்.

செலவைப் பற்றிக் கேட்டிருந்தார் அந்தச் சகோதரி. 2016-ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் தலசீமியாவும் சேர்க்கப்பட்டிருக்கிறது. அதற்குரிய சான்றிதழ் வாங்கிவைத்துக்கொண்டு, அரசு ஆஸ்பத்திரியிலும் காப்பீட்டுத் திட்டத்திலும் என்ன சலுகை கிடைக்கும் என்று விசாரியுங்கள்.

கல்யாணத்துக்குப் பெண், பிள்ளை பார்க்கும் வீடுகளுக்கும் ஒரு வார்த்தை. தாய், தகப்பன் இருவருமே தலசீமியாவைச் சுமப்பவர்களாக இருந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் குழந்தைக்கு நோய் வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. சுமப்பவர்களுக்கு வெளியே ஒன்றும் தெரியாது. சொந்தத்தில் முடிப்பவர்கள் முக்கியமாக, ஜாதகத்தோடு ஹெச்.பி.ஏ-2 ரத்தப் பரிசோதனையும் பார்த்துவிடுவது நல்லது.

கடிதம் எழுதிய சகோதரிக்கு: பையன் ஓடியாடித் திரிகிறான் என்கிறீர்கள். அப்படித் திரியும்போதே எடுக்கவேண்டிய ஸ்கேன் இது. இந்த மாதமே எடுத்துவிடுங்கள். என்ன எண் வந்தது என்று எனக்கும் ஒரு கார்டு போடுங்கள்.