கிரீடம் இருந்தால் அசல் நகையா?

அமெரிக்காவில் 'டிரிபாரி' என்பது பேர்போன கவரிங் நகை. 1953-ல் ஜனாதிபதி ஐசனோவரின் பதவி ஏற்பு நடன விருந்துக்கு அவர் மனைவி மேமி அணிந்து வந்ததும் டிரிபாரி முத்து மாலைதான்! அந்தப் பழைய நகைகளைத் தேடி வாங்குகிறவர்கள் இன்றும் உண்டு. ஆகவே, போலியும் உண்டு.

நகையின் பின்புறம் கம்பெனியின் பெயரும், மேலே ஒரு சிறு கிரீடமும் இருக்கும். "கிரீடம் இருக்கிறதே!" என்று பணத்தை எண்ணிக் கொடுத்து விடுகிறார்கள். கிரீடம் குத்துவது பெரிய வித்தையா? போலி செய்கிறவன் முதலில் குத்துவதே அதைத்தான்.

காட்டிக் கொடுப்பது வேறு குறி. வட்டத்துக்குள் 'சி' என்ற ஆங்கில எழுத்து. அது காப்பிரைட் குறி. தன் நகையைக் காப்பி அடித்ததாக மற்றொரு கம்பெனி மீது டிரிபாரி வழக்குப் போட்டது. நகையும் கலைப்பொருளே என்று 1955-ல் நியூயார்க் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது. அதன் பிறகே நகைகளில் அந்தக் குறி பரவலாயிற்று.

ஆகவே, அந்தக் குறி உள்ள புரோச்சைக் காட்டி, "இது 1940-ம் வருஷத்து நகை" என்றால், சொல்வது பொய். நகையே பொய் என்று சொல்ல முடியாது. பிற்கால அசலாக இருக்கலாம். ஆனால், பழைய நகைக்குரிய விலையை அதற்குக் கொடுப்பானேன்?

யுத்தகால நகை என்றால் இன்னொரு சோதனை உண்டு. 1942-ல் வழக்கமான வெள்ளை உலோகம் ஆயுதத் தொழிலுக்குப் போய்விட்டது. கம்பெனி வெள்ளியில் நகை செய்து தங்க முலாம் பூசியது. 'ஸ்டெர்லிங்' என்ற முத்திரை அதில் இருக்கிறதா என்று பூதக் கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும்.