தவறிய சோதனையில் பிறந்த விந்தை

பிளாஸ்டிக்கில் மின்சாரம் பாயாது என்பது சிறு பிள்ளைக்கும் தெரியும். மின்கம்பிக்குப் பிளாஸ்டிக் உறை போடுவதே அதற்காகத்தானே? ஆனால் மின்சாரம் பாயும் பிளாஸ்டிக்கும் உண்டு!

1967-ஆம் ஆண்டில் டோக்கியோவில், ஷிரகாவா என்ற விஞ்ஞானியின் சோதனைச்சாலையில், அசிட்டிலீன் வாயுவைப் பாலிமராக்கும்போது கிரியா ஊக்கியை ஆயிரம் மடங்கு கூடுதலாகச் சேர்த்துவிட்டார்கள். கரிய தூளுக்குப் பதில் வெள்ளிபோல் மின்னும் படலம் வந்தது. ஷிரகாவா அதை வீசி எறியவில்லை, துருவி ஆராய்ந்தார். பின்னர் அமெரிக்காவில் மக்டயர்மிட், ஹீகர் ஆகியோருடன் சேர்ந்து, அத்தகைய படலத்தில் அயோடின் ஆவியை ஏற்றினார். மின் கடத்தும் திறன் ஒரு கோடி மடங்கு பெருகிற்று! 1977-இல் இது வெளியாயிற்று. 2000-இல் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இதன் ரகசியம் என்ன? இந்தப் பொருளின் கார்பன் சங்கிலியில் ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறி மாறி வருகின்றன. இரட்டைப் பிணைப்பின் எலெக்ட்ரான்கள் சங்கிலி நெடுகப் பரவி நிற்கும். ஆயினும் எல்லா இருக்கையும் நிரம்பிய வரிசையில் எவரும் நகர முடியாதல்லவா? அயோடின் சில எலெக்ட்ரான்களைப் பறித்துக்கொள்கிறது. இடம் காலியானதும் ஓட்டம் தொடங்குகிறது.

இதே இனத்தைச் சேர்ந்த பாலி அனிலீனைக் காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்திலும் ஆராய்ந்திருக்கிறார்கள்.

சிங்கப்பெருமாள் கோவிலைச் சுற்றிக் கல்லூரிகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் பஞ்சமில்லை. காட்டாங்கொளத்தூரில் படிப்பு, மறைமலைநகரிலும் ஒரகடத்திலும் வேலை. ஆனால் நம் நாட்டுச் செய்முறை வகுப்புகள் பலவற்றில் நடப்பது என்ன? விடை முன்கூட்டியே தெரிந்த சோதனை. விடை மாறினால் மதிப்பெண் போச்சு! ஆகவே மாணவன் பக்கத்து நோட்டைப் பார்த்து எண்ணை எழுதிவிடுகிறான். அங்கே வெள்ளிப் படலமே தோன்றினாலும் கழுவு தொட்டியில்தான் போகும்.

பாடத்தை முடிக்கவே நேரமில்லை என்று ஆசிரியர்கள் சொல்லக்கூடும். அது உண்மையே. ஆயினும் ஒரு பருவத்துக்கு ஒரு சோதனையாவது ஒதுக்கலாமே! பாலி அனிலீனைக் கல்லூரிச் சோதனைச்சாலையிலேயே தயாரிக்கலாம். அமிலத்தில் அது பச்சையாக இருந்து மின்சாரத்தைக் கடத்தும். காரம் பட்டால் நீலமாகிக் கடத்துவதை நிறுத்திவிடும். கண்டதைக் கண்டபடி எழுதி, காரணம் தேடும் மாணவனுக்கே முழு மதிப்பெண் கொடுக்க வேண்டும். பிழையை மறைக்கப் பழகியவன் புதியதைக் காண்பது எப்படி?