இரையும் தாங்கி

வீட்டார் அனைவரும் உறங்கிய பின்னும் உறங்காத பொருள்கள் சில உண்டு. சுவர் மணிக்கூடு ஒன்று. மலசலகூடத்து நீர்த்தாங்கி மற்றொன்று. மணிக்கூட்டின் ஓசை சற்று மாறினால் உடனே திருத்துவதற்குக் கொண்டுசெல்கிறோம். தாங்கி இரவெல்லாம் இரைந்தாலோ, கதவைச் சாத்திவிட்டுப் படுத்துக்கொள்கிறோம். "அது எப்போதும் அப்படித்தான்" என்று சொல்லிப் பழகிய வீடுகள் நம்மிடையே பல. ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் எழுதத்தக்க பொருளா இது என்று முகஞ் சுளிப்போர் சற்றே பொறுத்தருள வேண்டும். அந்த இரைச்சல் ஒரு முறைப்பாடு. அதனைக் கேட்டறிந்தால் பிழை இருக்கும் இடமும் தெரிந்துவிடும்.

முதலில் தாங்கியினுள் நடப்பதை அறிவோம். இன்று பெரும்பாலான வீடுகளிலுள்ள தாங்கியின் அடியில் ஓர் இறப்பர் மூடி இருக்கிறது. அது திறந்து நீர் வெளியேறியதும், உள்ளே இருக்கும் மிதவை கீழிறங்கி, நீர்வரும் வாயிலைத் திறக்கிறது. நீர் ஏற ஏற மிதவையும் ஏறி, உரிய மட்டத்தில் வாயிலை அடைக்கிறது. மிதவை ஏறுவது ஆக்கிமிடிசின் தத்துவம். அதனோடு இணைந்த கோல் வாயிலை அழுத்துவது நெம்புகோலின் தத்துவம். கரும்பலகையில் படிக்கும் பாடம் இரண்டும் வீட்டிலேயே ஓயாது வேலை செய்வதை மாணவர்கள் ஒருமுறை திறந்து பார்ப்பது நன்று.

இனி ஓசைகளுக்கு வருவோம். நீர் நிரம்பும்போது மட்டும் ஊளையிடுவது போன்ற ஓசை எழுமாயின், பிழை பெரும்பாலும் நீர்வரும் வாயிலில் உள்ளது. அங்குள்ள சிறிய இறப்பர் வளையம் தேய்ந்தோ இறுகியோ போனால், நீரின் அமுக்கத்தால் அதிர்ந்து ஒலிக்கும். நமது குடாநாட்டுக் கிணற்றுநீர் சுண்ணாம்புக் கல்லினூடே ஊறி வருவது. கேத்தலின் அடியில் படியும் வெண்படிவு இந்த வாயிலிலும் படிகிறது. சுவரிலுள்ள திருகு குழாயை அடைத்து, தாங்கியை வெறுமையாக்கி, வாயிலைக் கழற்றுக. கழற்றிய பாகத்தை வினாகிரியிலோ தேசிக்காய்ச் சாற்றிலோ அரைமணி நேரம் ஊறவிட்டுப் பழைய பற்தூரிகையால் தேய்த்தால் படிவு நீங்கும். வளையம் இறுகியிருந்தால் அதனைக் கடைக்கு எடுத்துச்சென்று, அதே அளவில் புதியது வாங்கி இடுக.

எந்நேரமும் மெல்லிய சலசலப்புக் கேட்குமாயின் காரணம் இரண்டிலொன்று. மிதவை மட்டத்துக்கு மேல் ஏறிநின்று, மிகைநீர் வழிகுழாயால் ஓடிக்கொண்டிருக்கலாம். மிதவையின் திருகைச் சிறிது இறக்கி, நீர்மட்டம் வழிகுழாயின் வாய்க்கு ஓரங்குலம் கீழே நிற்கச் செய்தால் போதும். அன்றேல், அடியிலுள்ள இறப்பர் மூடி ஒழுகலாம். எவரும் தொடாதிருக்கத் தாங்கி இடையிடையே தானாக நிரம்பும் ஓசைக்கும் காரணம் இதுவே. துணிக்கு இடும் நீலத்தைச் சிறிது தாங்கி நீரில் கலந்து, அரைமணி நேரம் எவரும் பயன்படுத்தாதிருக்கச் செய்து, பீங்கானைப் பாருங்கள். நீர்மட்டம் வழிகுழாய்க்குக் கீழே நிற்கையிலும் அங்கே நீலம் தெரியுமாயின் மூடியை மாற்ற வேண்டும்.

நிரம்பி முடிந்ததும் சுவருக்குள் யாரோ தட்டியது போல ஒலிப்பது பிறிதொரு வகை. விரைந்து வரும் நீர் திடீரெனத் தடைப்பட, அதன் உந்தம் குழாயை அதிரச் செய்கிறது. மொஸ்கோ நகரின் நீர்க்குழாய்களில் இதனை ஆராய்ந்து, 1898ஆம் ஆண்டில் கணக்கை வகுத்தவர் நிக்கலாய் சுக்கோவ்ஸ்கி என்னும் உருசிய அறிஞர். நாம் செய்யக்கூடியது எளிது: திருகு குழாயைச் சற்றே அடைத்து வேகத்தைக் குறைப்பதும், ஆடும் குழாயைச் சுவரோடு இறுகப் பிணைப்பதுமே. ஆனால், நீர் இறங்கும்போது பீங்கான் 'களக் களக்' என்று விக்குமாயின், காற்றுக்குழாய் அடைபட்டதோ மலக்குழி நிறைந்ததோ என்று ஐயுற வேண்டும். அதற்குத் தொழில் தெரிந்தவரையே அழைக்க.

இத்தனை கவனம் ஏன் என்று கேட்கலாம். ஒழுகும் நீர் ஒரு நிமிடத்தில் 200 மில்லிலீற்றர் கொண்ட ஒரு கோப்பையை நிரப்புவதாகக் கொள்வோம். ஒரு நாளில் 288 இலீற்றர். 30 நாளில் 8,640 இலீற்றர். 1,000 இலீற்றர் ஓரலகு ஆதலால், நீர்க்கட்டணப் பட்டியலில் 8 அலகுக்கு மேல் ஏறும். சொந்தக் கிணறு உடையோர் அந்நீரை மேலேற்றிய மின்சாரத்துக்குப் பணம் கட்டுவர். யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. நிலத்தடியில் தங்கும் மழைநீரே நமது முதல். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் நன்னீர் வற்றி உவர்நீர் ஏறும். பீங்கானில் ஒழுகிப்போவது அடுத்த கோடைக்கு உரிய நீர்.

இவ்வளவும் அறிந்தவர்கூடத் தாங்கியைத் தொடத் தயங்குவது ஏன்? மலசலகூடத்து வேலை வேறு யாருக்கோ உரியது என்ற பழைய எண்ணமே காரணம். சைக்கிளைத் தானே பூட்டும் இளைஞன், வானொலிப் பெட்டியைக் கழற்றிப் பார்க்கும் மாணவன், இங்கு மட்டும் கைகட்டி நிற்கிறான். தாங்கியில் இருப்பதோ முகங்கழுவும் குழாயில் வரும் அதே நீர். 1775ஆம் ஆண்டில் இங்கிலாந்தில், நீர் தேங்கிநின்று துர்நாற்றத்தைத் தடுக்கும் வளைகுழாயோடு கூடிய மலசலகூடத்துக்கு ஆக்கவுரிமை பெற்றவர் அலெக்சாந்தர் கமிங். அவர் மூன்றாம் ஜோர்ஜ் மன்னருக்கு மணிக்கூடு செய்துகொடுத்த கைவினைஞர். மன்னர் மாளிகைக்கு மணிக்கூடு செய்த கை இவ்வேலையை இழிவென்று ஒதுக்கவில்லை.

ஆதலின் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை தாங்கியின் மூடியைத் திறக்கும்போது ஆண்பிள்ளை, பெண்பிள்ளை இருவரையும் அருகில் அழையுங்கள். பீங்கான் மூடி எளிதில் உடையும். அதனை நிலத்தில் விரித்த சாக்கின்மீது வைக்கச் சொல்லுங்கள். திருகு குழாயை அடைப்பது ஒருவர், மிதவையை இறக்குவது மற்றவர் என்று வேலையைப் பகிர்ந்து கொடுங்கள். எவ்வேலையும் தம் வேலையே என்ற பழக்கம் சிறுவயதிலேயே அவர்கள் கைக்கு வரட்டும்.